வயசு கேட்டா பத்தொம்பதுன்னு சொல்லு

போன வாரம் அக்கா பையனுக்கு ஒரு அப்ளிகேஷன் போட பர்த் சர்டிபிகேட் தேவைப்பட்டுச்சு. அக்கா பீரோ லாக்கரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு வந்தாங்க, அதுக்குள்ள இன்னொரு கவர், அதுக்குள்ள ஒரு மடிப்பு கூட விழாம அந்தப் பேப்பர். பையனுக்கு 17 முடியப் போகுது. மேலுதட்டுல மீசை இப்பத்தான் லேசா கோடு போட ஆரம்பிச்சிருக்கு, குரல் கரகரன்னு ஆயிடுச்சு, என்னை விட ஒரு ஜாண் உயரம், ஆனா சாக்ஸ் எங்கன்னு இன்னமும் அம்மாவைத்தான் கேப்பான். தூங்கும்போது பார்த்தா வாயைத் திறந்துட்டு, ஒரு கை தலைக்கு மேல, அஞ்சு வயசுல எப்படித் தூங்குனானோ அதே மாதிரிதான் இருக்கான்.

அந்தப் பேப்பரைப் பார்த்ததுல இருந்து எனக்கு வேற ஒரு பர்த் சர்டிபிகேட்தான் ஞாபகத்துல ஓடிட்டே இருக்கு. கொஞ்ச நாளா நான் போருக்குப் போன சின்னப் பசங்களைப் பத்திதான் தேடித் தேடி படிச்சிட்டு இருக்கேன், ஏன்னு கேட்டா சரியா சொல்லத் தெரியல, ஒண்ணைப் படிச்சா அது இன்னொண்ணுல கொண்டு போய் விடுது, விட முடியல. இங்க எழுதியாவது இறக்கி வைக்கலாம்னு தோணுச்சு.

முதல் உலகப் போர் நடந்துட்டு இருந்தப்போ, 1916ல லண்டன்ல ஒரு அம்மா அவங்க பையனோட பர்த் சர்டிபிகேட்டை எடுத்து ராணுவ அலுவலகத்துக்கு அனுப்புனாங்க. பையன் பேரு சிட்னி லூயிஸ். 1915 ஆகஸ்ட்ல வீட்ல யார்கிட்டயும் சொல்லாம போய் பட்டாளத்துல சேர்ந்துட்டான். அப்போ அவனுக்கு வயசு 12. தப்பா டைப் பண்ணல, பன்னெண்டுதான். அடுத்த வருஷம் பிரான்ஸ்ல சோம் சண்டை நடந்தப்போ அவன் மெஷின் கன் படையில இருந்தான், 13 வயசு ஆகியிருந்துச்சு. டெல்வில் காடுன்னு ஒரு இடம், ஷெல் அடிச்சு அடிச்சு மரமெல்லாம் மொட்டைக் குச்சியா நின்ன இடம், அங்கயும் இருந்திருக்கான். மகன் எங்க இருக்கான்னு தெரிஞ்ச உடனே அந்த அம்மா செஞ்ச வேலை இதுதான், பர்த் சர்டிபிகேட்டை அனுப்பி, இது என் பையன், இதுதான் அவன் வயசு, திருப்பி அனுப்புங்கன்னு கேட்டாங்க. அனுப்பிட்டாங்க. உயிரோட வந்தான், பெரியவனாகி ரெண்டாம் உலகப் போர்ல குண்டு செயலிழக்க வைக்கிற வேலை கூட பார்த்தார், 1969 வரைக்கும் இருந்தார். ரொம்ப வருஷம் கழிச்சு குடும்பத்துகிட்ட இருந்த பேப்பரையெல்லாம் பார்த்து 2013லதான் லண்டன் போர் அருங்காட்சியகம் இவர்தான் அந்தப் போர்ல பிரிட்டனோட மிகச் சின்ன வயசு சிப்பாய்னு உறுதி பண்ணுச்சு.

எனக்கு இதுல புரியாத ஒரே விஷயம், 12 வயசுப் பையனை 19ன்னு எப்படி நம்புனாங்க? நம்பல, அவ்வளவுதான். நம்புற மாதிரி ஒரு வரி எழுதிக்கிட்டாங்க.

பிரிட்டன்ல அப்போ ரூல் என்னன்னா பட்டாளத்துல சேர 18, கடல் தாண்டி சண்டைக்கு அனுப்ப 19. ஆனா சேரும்போது பர்த் சர்டிபிகேட் காட்டணும்னு கட்டாயம் கிடையாது, வாயால சொன்னா போதும். உயரம் பார்த்தாங்க, மார்பளவு பார்த்தாங்க, போர் ஆரம்பிச்சப்போ 5 அடி 3 அங்குலம் இருந்தா போதும். ஆள் சேர்க்கிற சார்ஜென்ட்டுக்கு ஆள் ஒண்ணுக்கு இவ்வளவுன்னு காசு, பரிசோதிக்கிற டாக்டருக்கும் அதே மாதிரி. இந்த நிலைமையில ஒரு பதினஞ்சு வயசுப் பையன் வரிசையில வந்து நின்னு உண்மையான வயசைச் சொல்லிட்டான்னு வைங்க, அந்த சார்ஜென்ட் அவனை விரட்ட மாட்டார், தம்பி நீ வெளிய போய் ஒரு ரவுண்டு சுத்திட்டு வா, வரும்போது உனக்கு 19 வயசு ஆகியிருக்கான்னு பார்ப்போம்னு சொல்லுவார். இதைப் பல பேர் பின்னாடி வயசான காலத்துல சொல்லியிருக்காங்க, ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. பையன் வெளிய போய் தெருவைச் சுத்திட்டு வருவான், வந்து பத்தொம்பதுன்னு சொல்லுவான், கையெழுத்து வாங்கிக்குவாங்க. அந்த அஞ்சு நிமிஷத்துல நாலு வருஷம் கூடிடுச்சு.

இப்படி வயசு மாத்திச் சொல்லி பிரிட்டிஷ் பட்டாளத்துல சேர்ந்த பசங்க ரெண்டரை லட்சம் பேர் வரைக்கும் இருக்கும்னு ஒரு கணக்கு சொல்றாங்க. பசங்க பக்கம் காரணம் எதுவும் பெருசா இருக்காது. சுரங்கத்துலயும் மில்லுலயும் வேலை பார்த்து அலுத்துப் போனவன், வீட்ல அடி வாங்குறவன், மூணு வேளை சாப்பாடும் ஒரு ஜோடி பூட்ஸும் கிடைக்கும்னு வந்தவன், பக்கத்து வீட்டுப் பையன் போறான் நானும் போறேன்னு வந்தவன். போர் ஆரம்பிச்ச புதுசுல கிறிஸ்துமஸுக்குள்ள முடிஞ்சிடும்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க, அதுக்குள்ள போகலன்னா வாய்ப்பு போயிடுமேன்னு ஓடுனவங்க எத்தனையோ பேர். பதினாறு வயசுல நாம எல்லாருமே அப்படித்தான், ஃப்ரெண்டு ஒருத்தன் கிணத்துல குதிச்சா ஆழம் எவ்வளவுன்னு கேக்காம குதிக்கிற வயசு அது. அதனால பசங்க சொன்ன பொய்யை நான் பொய்யாவே எடுத்துக்கல. அதைக் கேட்டுக்கிட்டு எழுதுன பெரியவங்களோட பொய்தான் எனக்குத் தாங்கல.

அப்பவே இதைக் கேள்வி கேட்ட ஒரு ஆள் இருந்தார், ஆர்தர் மார்க்கம்னு ஒரு எம்.பி. பசங்களைத் திருப்பி அனுப்புங்கன்னு பார்லிமென்ட்ல விடாம கேட்டுட்டே இருந்தார். 1916ல கொஞ்சம் வழி பிறந்துச்சு, பெத்தவங்க ஆதாரத்தோட வந்தா 17க்குக் கீழ உள்ளவனை வீட்டுக்கு அனுப்பலாம்னு. அதே வருஷம் ஆகஸ்ட்ல அவர் இறந்துட்டார். அவரைப் பத்தி இன்னும் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

எல்லா அம்மாவுக்கும் சிட்னி அம்மா மாதிரி அமையல. பெல்ஜியத்துல ஈப்ர ஊர் பக்கத்துல எஸ்ஸெக்ஸ் ஃபார்ம்னு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு. அங்க வாலன்டைன் ஜோ ஸ்ட்ரட்விக்னு ஒரு பையனோட கல்லு. 1916 ஜனவரி 14ல செத்தான். கல்லுல வயசு 15ன்னு வெட்டியிருக்கு. அடுத்த மாசம் அவனுக்கு 16 ஆகியிருக்கும். அந்தக் கல்லுக்கு முன்னாடி எப்பவும் சின்னச் சின்ன மரச் சிலுவையும் பாப்பிப் பூவும் கிடக்குது, வைக்கிறது பெரும்பாலும் ஸ்கூல் பசங்க, டூர் கூட்டிட்டு வர்றாங்க. அவனை விடச் சின்னவங்களும் அவன் வயசுக்காரங்களும் வரிசையா வந்து நின்னு பார்த்துட்டுப் போறாங்க. அந்த போட்டோவை நான் ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன்.

இன்னொருத்தன் ஹெர்பர்ட் பர்டன். இவனைப் பத்தி எழுதாம இருக்க முடியாது. வயசை மாத்திச் சொல்லி சேர்ந்தான், ஈப்ர பக்கம் நடந்த சண்டையில கூட இருந்தவங்க எல்லாம் கண்ணு முன்னாடி செத்ததைப் பார்த்தான், படையை விட்டுட்டுப் போயிட்டான். பிடிச்சாங்க. ராணுவ கோர்ட்ல நிறுத்துனாங்க. 1915 ஜூலை 21 விடியக்காலையில கட்டி வெச்சு சுட்டாங்க, சுட்டது எதிரி இல்ல, அவன் சொந்தப் படை. வயசு 17. சட்டப்படி அந்த இடத்துக்கே அவனை அனுப்பியிருக்கக் கூடாது. வெளிய எங்கயும் அனுப்பக் கூடாத வயசுல ஒருத்தனை அனுப்பிட்டு, அவன் பயந்து ஓடுனதுக்கு மட்டும் பெரிய ஆம்பளைக்கு உண்டான தண்டனை. இங்கிலாந்துல அவனை மாதிரியே ஒரு சிலை வெச்சிருக்காங்க, கண்ணைக் கட்டி, கையைப் பின்னாடி கட்டி. பின்னால 306 மரக்கட்டை நட்டிருக்காங்க, அந்தப் போர்ல இப்படி ஓடுனதுக்கும் கோழைத்தனம்னு சொல்லியும் சுடப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. 2006லதான் அவங்களுக்கு மன்னிப்புன்னு சட்டம் போட்டாங்க. தொண்ணூத்தோரு வருஷம் கழிச்சு. யாரு யாரை மன்னிக்கணும்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கேள்வி இருந்துட்டே இருக்கு.

சரி அது முதல் உலகப் போர், பேப்பர் ஒழுங்கா இல்லாத காலம்னு சொல்லலாம். ரெண்டாவதுலயும் இதே கதைதான். அமெரிக்காவுல கால்வின் கிரஹாம்னு ஒருத்தன், 1942ல கடற்படையில சேர்ந்தப்போ அவனுக்கும் 12தான். அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு, குரலைக் கனமா வெச்சுப் பேசப் பழகி, அம்மா கையெழுத்தை அவனே போட்டுக்கிட்டுப் போய் நின்னான். அவனுக்கு ஒரே பயம் பல் டாக்டர்தான், ஏன்னா பல்லைப் பார்த்தா வயசு தெரிஞ்சிடும். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், உனக்குப் பன்னெண்டுடான்னு சொல்லிட்டார். இவன் இல்ல 17ன்னான். அவர் ஒத்துக்கல. கடைசியில இவன், எனக்கு முன்னாடி போன ரெண்டு பேருக்கும் 14, 15தான், அவங்களை விட்டீங்கள்ல, என்னையும் விடுங்கன்னு கேட்டிருக்கான். எனக்கு இதோட மல்லுக்கட்ட நேரம் இல்லன்னு அவரும் விட்டுட்டார். இதை கால்வினே பின்னாடி சொன்னது. அந்த இடத்துல படிக்கிறதை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். பால் பல்லு விழுந்து முழுசா முளைச்சு முடியாத ஒரு வாய். அதைத் திறந்து வெச்சு உள்ள பார்த்த ஒரு படிச்ச மனுஷன்.

அதே வருஷம் நவம்பர்ல பசிபிக் கடல்ல குவாடல்கனால்ங்கிற தீவுப் பக்கம் ராத்திரி நடந்த கடல் சண்டையில அவன் கப்பல் சவுத் டகோட்டா மேல நாப்பதுக்கும் மேல குண்டு விழுந்துச்சு. இவன் தாடையையும் வாயையும் குண்டுச் சில்லு கிழிச்சிருச்சு, அப்படியே இருந்துக்கிட்டு செத்துக் கிடந்தவங்க இடுப்புல இருந்து பெல்ட்டைக் கழட்டி, அடிபட்டவங்க கை காலுல ரத்தம் நிக்கிற மாதிரி இறுக்கிக் கட்டிக்கிட்டே விடிய விடிய அவங்களோட உக்காந்திருந்தான். மெடல் குடுத்தாங்க. அப்புறம் வயசு வெளிய தெரிஞ்சப்போ என்ன பண்ணாங்க தெரியுமா, ராணுவச் சிறையில போட்டாங்க, மூணு மாசம் கிட்ட. மெடலையும் பிடுங்கிட்டாங்க. அவனோட அக்கா பத்திரிகைக்குப் போவேன்னு சொன்ன பிறகுதான் வெளிய விட்டாங்க. மெடல்ல பெரும்பாலானது 1978ல திரும்ப வந்துச்சு, காயம்பட்டதுக்கான அந்த ஒரு பதக்கம் மட்டும் அவர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு 1994ல வீட்டுக்கு வந்துச்சு. சேர்த்துக்கிட்ட டாக்டருக்கோ அதிகாரிக்கோ ஏதாவது ஆச்சான்னா அதைப் பத்தி எங்கயும் பேச்சே இல்ல, ஜெயிலுக்குப் போனது பொடியன்தான்.

போர் தோக்குற கட்டத்துக்கு வந்துட்டா பசங்க பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போயிடுது, அரசாங்கமே வந்து கூட்டிட்டுப் போகுது. ஜெர்மனியில 1943 பிப்ரவரியில இருந்து ஸ்கூல் பசங்களை விமானத்தைச் சுடுற பீரங்கிக்குக் கொண்டு போய் நிறுத்துனாங்க, 15, 16 வயசு, பாடம் கெடக் கூடாதுன்னு டீச்சருங்க பீரங்கி இருக்கிற இடத்துக்கே வந்து கிளாஸ் எடுத்தாங்க. ராத்திரி பூரா சுட்டுட்டு காலையில கணக்குப் பாடம். பின்னாடி போப் ஆன பதினாறாம் பெனடிக்ட் கூட அந்தப் பசங்கள்ல ஒருத்தர்தான். ஹிட்லர் யூத்னு ஹிட்லர் கட்சி நடத்துன இளைஞர் அமைப்புல இருந்து எடுத்து ஒரு டாங்கிப் படையே அமைச்சாங்க, 1944ல பிரான்ஸ்ல நார்மண்டி சண்டைக்கு அனுப்புனாங்க. அந்தப் படையில 18 ஆகாதவனுக்கு சிகரெட் ரேஷன் கிடையாது, அதுக்குப் பதிலா மிட்டாய் குடுத்தாங்க. உடம்புக்குக் கெடுதல்னு சிகரெட் குடுக்கல. கையில மிட்டாய்ப் பொட்டலம், தோள்ல துப்பாக்கி. அந்தப் பசங்க அங்க பிடிபட்ட கைதிகளைச் சுட்டுக் கொன்ன கொடுமையும் அந்தப் படை பேர்லதான் பதிவாயிருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும், ஏன்னா சின்னப் பையனைப் போருக்கு அனுப்புறதுன்னா சாக அனுப்புறது மட்டும் இல்ல. பத்து வயசுல இருந்து ஊட்டி வளர்த்த விஷம், அதை அவன் கையால கக்க வெக்கிறாங்க. உயிரோட திரும்புனவன் அறுபது வருஷம் அதைச் சுமந்துக்கிட்டு வாழணும்.

1945 மார்ச்ல ஹிட்லர் பங்கரை விட்டு வெளிய வந்து வரிசையா நிக்கிற பசங்களுக்கு மெடல் குடுக்கிற வீடியோ ஒண்ணு இருக்கு, பல பேர் பார்த்திருப்பீங்க. அதுல ஒருத்தனுக்கு 12 வயசு, ஆல்ஃபிரட் செக். கோட்டு தோள்ல இருந்து வழியுது. அந்த ஆள் கன்னத்தைத் தட்டிக் குடுக்கிறார். பையன் முகத்துல பெருமை தவிர வேற ஒண்ணுமே இல்ல. அந்தப் பெருமைதான் எனக்கு வயித்தைப் பிசையுது, அழுதிருந்தா கூடப் பரவாயில்லன்னு தோணுச்சு.

ஜப்பான் பக்கம் யுகியோ அராக்கி. 17 வயசு. 1945 மே 26ல எடுத்த ஒரு போட்டோ, அஞ்சு பேர் விமானி டிரெஸ்ல, நடுவுல இவன் ஒரு நாய்க்குட்டியை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நிக்கிறான், எல்லாரும் சிரிக்கிறாங்க. நாய்க்குட்டி கண்ணு பாதி மூடியிருக்கு. மறுநாள் ஒகினாவா கடல் பக்கம் விமானத்தோட போய் மோதுறதுக்குக் கிளம்பிட்டான், திரும்பி வர்ற பயணம் இல்லன்னு போட்டோ எடுக்கும்போதே அஞ்சு பேருக்கும் தெரியும். அந்த நாய்க்குட்டி அப்புறம் என்ன ஆச்சோன்னு நான் யோசிச்சிட்டு இருந்தேன், அஞ்சு பேரைப் பத்தி யோசிக்க மனசு வராததால இருக்கும்.

இதெல்லாம் 18க்குக் கீழ. ஆனா 18 ஆயிட்டா மட்டும் என்ன பெருசா மாறிடுது? பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி குழந்தை, மறுநாள் காலையில சிப்பாயா? ஆபத்தை எடை போட்டுப் பார்க்கிற, ஒரு நிமிஷம் நில்லுன்னு சொல்ற மூளைப் பகுதி இருபதுகளோட நடுவுலதான் முழுசா முதிரும்னு டாக்டருங்க சொல்றாங்க. அந்த வயசு உடம்புல பலம் இருக்கும், ரெண்டு நாள் தூங்கலன்னாலும் எந்திரிச்சு நடக்கும், சாவு நமக்கு வராதுங்கிற ஒரு நினைப்பு இருக்கும், பெண்டாட்டி பிள்ளைன்னு பின்னாடி இழுக்க யாரும் கிடையாது. பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்டு முன்னாடி அசிங்கப்படக் கூடாதுங்கிறது உயிரை விடப் பெருசாத் தெரியும். பட்டாளத்துக்கு வேண்டிய அத்தனையும் அந்த வயசுலதான் கிடைக்குது. அந்த ஃப்ரெண்டு விஷயத்தைப் பிரிட்டன்ல நல்லாவே தெரிஞ்சு வெச்சிருந்தாங்க, ஒரே ஊர்க்காரங்க ஒண்ணா சேர்ந்தா ஒண்ணாவே சண்டை போடலாம்னு பட்டாலியன் அமைச்சாங்க. அக்ரிங்டன்னு ஒரு ஊர்ப் பட்டாலியன், 1916 ஜூலை 1 காலையில சோம்ல ஏறிப் போனவங்க 700 பேர் கிட்ட. அரை மணி நேரத்துல 235 பேர் செத்தாங்க, 350 பேர் அடிபட்டாங்க. ஒரு ஊர்ல ஒரே வாரத்துல அத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருக்காங்க.

வியட்நாம் போர்ல சண்டை போட்ட அமெரிக்கப் பசங்களோட சராசரி வயசு 19ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மையில அது 22 கிட்டன்னு அப்புறம் படிச்சேன். எனக்கு அதுல ஒண்ணும் ஆறுதல் இல்ல, இருபத்திரெண்டும் பச்சப் பிள்ளைதான். 1969 டிசம்பர் 1ல, எந்தத் தேதியில பிறந்தவங்களை முதல்ல பட்டாளத்துக்குக் கூப்பிடுறதுன்னு டிவியில காட்டிக்கிட்டே குலுக்கல் போட்டாங்க, ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, உள்ள 366 நீலக் குப்பி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு தேதி. முதல்ல வந்தது செப்டம்பர் 14. அன்னைக்குப் பிறந்த பையன் வீட்ல டிவி முன்னாடி அம்மா அப்பாவோட உக்காந்து பார்த்திருப்பான்ல. அதுவரைக்கும் வருஷா வருஷம் கேக் வெட்டுன தேதி அது. அந்த நேரத்துல அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல ஓட்டுப் போட 21 ஆகணும், சண்டைக்குப் போக 18 போதும். தன்னை அனுப்புறது யாருன்னு தேர்ந்தெடுக்க உரிமை இல்லாமயே போய்ச் செத்தவங்க எத்தனை பேர். சண்டை போடுற வயசு வந்தா ஓட்டுப் போடுற வயசும் வந்தாச்சுன்னு கத்திக் கத்தித்தான் 1971ல ஓட்டு வயசை 18 ஆக்குனாங்க. அந்தப் போர் நினைவுச் சுவர்ல 58,000க்கும் மேல பேர் வெட்டியிருக்கு, அதுல மிகச் சின்னவன் டான் புல்லக். பர்த் சர்டிபிகேட்ல பிறந்த வருஷத்தைத் திருத்தி 14 வயசுல சேர்ந்தான், 1969 ஜூன் 7ல செத்தப்போ 15. பாருங்க, திரும்பவும் அதே பேப்பர்.

நம்ம மொழியில இதைப் பத்தி என்ன இருக்குன்னு யோசிச்சா முதல்ல வர்றது ஸ்கூல்ல படிச்ச அந்தப் புறநானூற்றுப் பாட்டுதான். முன்னாடி நடந்த சண்டையில யானையைக் கொன்னு செத்தவன் அவளோட அண்ணன்னும் தந்தைன்னும் உரைகள்ல ரெண்டு விதமா சொல்லுவாங்க, நேத்து புருஷன் செத்தான், இன்னைக்கு மறுபடியும் பறை சத்தம் கேக்குது, ஒரே மகன்தான் இருக்கான், அவன் கையில வேலைக் குடுத்து அந்த அம்மா அனுப்புறா. வீரத் தாய்னு பத்து மார்க் கேள்விக்கு எழுதுனோம். இப்போ திரும்பப் படிச்சப்போ எனக்குக் கண்ணுல பட்டது ஒரே ஒரு விஷயம், அனுப்புறதுக்கு முன்னாடி அவன் பரட்டைக் குடுமிக்கு எண்ணெய் வெச்சு நீவி விடுறா. எண்ணெய் வெச்சு விட அம்மா வேணுங்கிற வயசு. அவ துணிச்சலைப் பாடுனவங்களுக்கும் நடுங்கியிருக்கு, அந்த அம்மாவோட துணிச்சல் கொடியதுன்னு தான் பாட்டே ஆரம்பிக்குது. அந்த நடுக்கத்தை நமக்கு யாரும் சொல்லித் தரல.

ஈழத்தைச் சொல்லாம கடந்து போனா நான் எழுதுனதுக்கே அர்த்தம் இல்ல. 18 ஆகாத பிள்ளைங்க இயக்கத்துல சேர்க்கப்பட்டதை யூனிசெஃப் ஆயிரக்கணக்குல பதிவு பண்ணியிருக்கு. விரும்பிப் போனவங்க உண்டு, குண்டு விழுந்து வீடும் உறவும் போன கோவத்துல போனவங்க உண்டு, கடைசிக் காலத்துல வன்னியில வீட்டுக்கு ஒருத்தர்னு கேட்டு இழுத்துட்டுப் போனதும் உண்டு. பிள்ளை பிடிக்கிறாங்கன்னு சனம் பேசிக்கிட்டது. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைக்கு அவசர அவசரமா கல்யாணம் கட்டி வெச்ச பெத்தவங்க இருக்காங்க, கல்யாணம் ஆனா விட்டுடுவாங்கன்னு. பங்கருக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. எதிர்ப்பக்கம் நின்ன சிங்களக் கிராமத்துப் பசங்களும் மாசச் சம்பளம் வீட்டுக்கு அனுப்பணும்னு வந்த இருபது வயசுக்காரங்கதான். இதை எழுதும்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் அழ எனக்கு முடியல, ரெண்டு பக்கத்துலயும் அம்மாங்க இன்னமும் போட்டோவைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க.

சட்டம் இருக்கு. 1989 குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 15ன்னு வெச்சாங்க, 2000ல கூடுதலா ஒரு உடன்படிக்கை போட்டு நேரடிச் சண்டைக்கும் கட்டாய ஆள்சேர்ப்புக்கும் 18ன்னு ஆக்குனாங்க, 2002 பிப்ரவரி 12ல அமலுக்கு வந்துச்சு. காங்கோவுல 15 வயசு ஆகாத பிள்ளைங்களைப் படையில சேர்த்ததுக்காக தாமஸ் லுபாங்காவை 2012ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளின்னு சொல்லி 14 வருஷம் தண்டனை குடுத்துச்சு, அந்த நீதிமன்றத்தோட முதல் தீர்ப்பே அதுதான். நல்ல விஷயம். ஆனா அந்த உடன்படிக்கையிலயே பெத்தவங்க சம்மதம் இருந்தா 16 வயசுல சேர்த்துக்கலாம்னு ஒரு வழி விட்டு வெச்சிருக்காங்க, பிரிட்டன் இன்னைக்கும் 16ல சேர்த்துக்குது. அந்தச் சம்மதக் கையெழுத்துங்கிறதை என்னால ஏத்துக்கவே முடியல.

ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். 1971 போர்ல அருண் கேத்ரபால்னு ஒரு டாங்கி ஆபீசர், பயிற்சி முடிச்சு ஆறு மாசம்தான் ஆகியிருந்துச்சு, டிசம்பர் 16ல பசந்தர் சண்டையில செத்தார், பரம் வீர் சக்ரா குடுத்தாங்க, வயசு 21. முப்பது வருஷம் கழிச்சு 2001ல அவர் அப்பா, அவரும் பிரிகேடியரா இருந்தவர், 81 வயசுல பாகிஸ்தான்ல தான் பிறந்த ஊரைப் பார்க்கப் போனார். லாகூர்ல ஒரு ஓய்வு பெற்ற பாகிஸ்தான் பிரிகேடியர் வீட்லதான் தங்குனார். பார்த்துப் பார்த்துக் கவனிச்சாங்க. ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி அந்த வீட்டுக்காரர் பக்கத்துல வந்து உக்காந்து, உங்க மகன் டாங்கியைச் சுட்டது நான்தான்னு சொன்னார். ரெண்டு கிழவங்க, நடுவுல ஒரு இருபத்தோரு வயசுப் பையன். அந்த அப்பா சண்டை போடல, கத்தல. சுட்டவனுக்கும் அன்னைக்குச் சின்ன வயசுதானேன்னு நினைச்சிருப்பாரோ என்னவோ, அந்த ராத்திரி எப்படி விடிஞ்சிருக்கும்னு எனக்கு நினைச்சுப் பார்க்கத் தெரியல.

அக்கா பையன் அன்னைக்கு அந்த பர்த் சர்டிபிகேட்டை நாலு ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வெச்சுக்கிட்டு, ஒரிஜினலையும் சொருகிக்கிட்டு செருப்பை மாட்டிட்டு இருந்தான். அக்கா கை ஈரத்தைத் துடைச்சிக்கிட்டே வாசல் வரைக்கும் வந்தாங்க.

"டேய், ஜெராக்ஸ் மட்டும் குடு. ஒரிஜினலைக் கேட்டா காமிச்சிட்டு கையோட வாங்கிட்டு வந்துடு. என்ன சொன்னாலும் அங்க விட்டுட்டு வராத."